அண்டர்லே எது போடலாம்? 1930களின் வீடு, முன்னறை பலகை, பின்னறை கான்கிரீட்

#1 ஹாரோ_புதுசு

வணக்கம் நண்பர்களே. லண்டன் ஹாரோ பக்கம் 1930கள்ல கட்டின செமி வீட்டுக்கு (ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோட ஒட்டினது) குடி வந்திருக்கோம். பழைய கார்ப்பெட்ல முன்னாடி இருந்தவங்க வளர்த்த நாயோட வாசனை இன்னும் போகல. பிச்சுப் போட்டுட்டுப் புதுசு விரிக்கணும். கார்ப்பெட் தேர்ந்தெடுத்தாச்சு (வீட்டம்மா தேர்ந்தெடுத்தாச்சுன்னு சொல்றதுதான் நியாயம்). கார்ப்பெட்டுக்கு அடியில விரிக்கிற மெத்து, அதான் அண்டர்லே, அதுலதான் மாட்டிக்கிட்டு நிக்கிறேன்.

ஒரு கடையில 12 மி.மீ. பி.யு. (பாலியூரித்தேன்) ஃபோம் காட்டி, சொகுசுன்னா இதுதான், இதுக்கு மேல இல்லைங்கிறாங்க. இன்னொரு கடையில 8 மி.மீ. ரப்பர். ரோலைத் தூக்கவே ரெண்டு ஆள் வேணும் போல, விலையும் கிட்டத்தட்ட அதேதான். தடிமன் குறைவான சரக்குக்கு எதுக்கு அதே காசு?

முன்னறை, மாடியில மூணு ரூம், படிக்கட்டு, பின்னாடி எப்பவோ இழுத்துக் கட்டின எக்ஸ்டென்ஷன் ஒண்ணு. எல்லாத்துக்கும் 12 மி.மீ. போட்டுடலாமா? கிரிப்பரும் (சுவரோரமா கார்ப்பெட்டைப் பிடிச்சு வைக்கிற ஊசிப் பட்டை) அண்டர்லேயும் நானே போட்டுட்டு, கார்ப்பெட் இழுத்து விரிக்க மட்டும் ஆள் கூப்பிடலாம்னு இருக்கேன்.

#2 வடமராட்சியான்

தம்பி, கடைக்காரன் தடிப்பைத்தான் காட்டுவான். அதைத்தானே கண்ணால பாக்கலாம். நீங்கள் கேக்க வேண்டியது அடர்த்தி. ஒரு கன மீற்றருக்கு எத்தினை கிலோ எண்டு தயாரிப்பாளரின்ர விவரத்தாளில போட்டிருப்பினம். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கோ. தாள் இல்லையெண்டால் மாதிரித் துண்டை பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில வைச்சு நசியுங்கோ. விரல் ரெண்டும் முட்டப் பாத்தால் அது 12 மில்லிமீற்றர் எண்டு எழுதியிருந்தாலும் வேண்டாம். அலுமாரிக்கால் வைக்கிற இடத்தில ஒண்டும் மிஞ்சாது.

மெத்தெண்டு இருக்கிற அண்டர்லேக்கு மேல நடக்கேக்க காப்பெற் ஒவ்வொரு அடிக்கும் பதிஞ்சு பதிஞ்சு எழும்பும். காலப்போக்கில பின்பக்கத்துத் துணி களைச்சுப் போகும், பொருத்து விடும், விளிம்பு கிரிப்பர் ஊசியில இருந்து கழரும். முதல் மாசம் காலுக்குச் சுகமா இருக்கிறதுதான் மூண்டாம் வருசம் அலையலையா எழும்பி நிக்கிறது. சனம் காப்பெற்றைத் திட்டும். பிழை கீழ இருக்கும்.

உங்கட 8 மில்லிமீற்றர் றப்பர் பாரமா இருக்கிறதுக்கும் காரணம் அதுதான். காசு நிறைக்குப் போகுது, தடிப்புக்கு இல்லை.

எல்லா இடத்துக்கும் ஒரே சாமான் வாங்காதேங்கோ. படுக்கையறைக்கு 10, 11 பி.யு. தாராளமாப் போடலாம், அங்க வெறுங்காலோட நாலு நடைதான். முன்னறைக்கு 9 அல்லது 10, ஆனால் அடர்த்தி கூடினது. படிக்கு 8, மிஞ்சினால் 9, அதுவும் இறுக்கமானது. படியில 12 போட்டால் படி விளிம்பு உருண்டு போய் கால் வைக்கிற இடம் பிடிபடாது, வயசு போன ஆக்கள் இருந்தால் சறுக்கும்.

பின்னறைக்கு இப்ப பதில் சொல்லமாட்டன். மூலையில காப்பெற்றைத் தூக்கிப் போட்டு, கீழ என்ன தரை எண்டு பாத்துச் சொல்லுங்கோ.

#3 மரத்தரை_பிரியன்

இந்தக் காலத்துல யாருங்க கார்ப்பெட் போடறாங்க? தூசு, பூச்சி, சின்னப் பிள்ளைங்களுக்கு இளைப்பு. லேமினேட் போட்டா ஒரு துடைப்பத்துல முடிஞ்சது.

#4 ஹாரோ_புதுசு

பலகை இடுக்குல காத்து வர்ற வீட்ல ஜனவரி மாசம் காலையில வெறுங்கால்ல இறங்கிப் பாருங்க, அப்புறம் பேசலாம்.

#5 கீழ்வீட்டுக்காரி

மரத்தரை அண்ணா, நீங்க மாடியில இருக்கீங்களா, கீழ இருக்கீங்களா? நான் கீழ இருக்கேன். பழைய வீட்டை ரெண்டு ஃபிளாட்டாப் பிரிச்சது. மேல்வீட்ல கார்ப்பெட்டை எடுத்துட்டு லேமினேட் போட்டாங்க, அன்னையிலிருந்து அவங்க வீட்ல யாரு எந்த ரூமுக்குப் போறாங்கன்னு எனக்குத் தெரியும். நம்ம ஊர்க்காரங்கதான், செருப்பெல்லாம் வாசல்லயே விட்டுடுவாங்க. ஆனா குதிகால் சத்தத்துக்கு செருப்பு வேண்டியதில்ல.

இது ஃபிளாட்டில் இருக்கிற மத்தவங்களுக்கும் உதவும்: லீஸ் பத்திரத்தை எடுத்துப் பாருங்க. நிறைய பத்திரங்கள்ல தரை முழுக்க கார்ப்பெட்டும் அண்டர்லேயும் போடணும்னு ஒரு வரி இருக்கும். எங்களுதுல இருந்துச்சு. அதைக் காட்டினதும்தான் பேச்சுவார்த்தைக்கே வந்தாங்க.

#6 எண்கணக்கு

கீழ்வீட்டு அக்கா சொன்னதோட ஒரு விஷயம் சேர்க்கிறேன். சத்தம் ரெண்டு வகை. நடக்கிறது, நாற்காலி இழுக்கிறது, உலக்கை போடறது எல்லாம் தட்டுச் சத்தம். பேச்சு, டிவி, குழந்தை அழுகை காத்துல வர்ற சத்தம். அண்டர்லே முதல் வகையை நல்லாவே குறைக்கும். ரெண்டாவதுல பெருசா ஒண்ணும் செய்யாது. "சவுண்ட்ப்ரூஃப் அண்டர்லே"ன்னு எழுதி வித்தா எந்தச் சத்தத்துக்குன்னு கேளுங்க.

இங்கிலாந்துக் கட்டட விதி, அப்ரூவ்டு டாக்குமென்ட் ஈ, தட்டுச் சத்தத்துக்கு உச்ச வரம்பு வெச்சிருக்கு. புதுசாக் கட்டற ஃபிளாட்டுக்கு 62 டெசிபெல், பழசைப் பிரிச்சதுக்கு 64. காத்துல வர்ற சத்தத்தைத் தரை குறைஞ்சபட்சம் தடுக்க வேண்டியது முறையே 45, 43. அளவெடுக்கிறப்ப கார்ப்பெட் மாதிரி மெத்து விரிப்பு தரையில இருக்கக் கூடாது. அதாவது தரை தன் சொந்தக் கால்ல நின்னு தேறணும், நாம போடறது அதுக்கு மேல லாபம். அக்கா வீடு ரொம்பக் காலம் முன்னாடி பிரிச்சதுன்னா இந்த விதியெல்லாம் அப்ப இருந்திருக்காது, அதனாலதான் லீஸ்ல அந்த வரி.

#7 ரெண்டாம்மாடி

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கவும். எங்க புது ஃபிளாட்ல தரைக்கு அடியிலயே ஹீட்டிங் குழாய். அதுக்கு மேல கார்ப்பெட்டே போடக்கூடாதுன்னு ஒருத்தர் சொல்றார், போடலாம்னு இன்னொருத்தர். எது சரி?

#8 எண்கணக்கு

போடலாம், ஆனா கணக்கு இருக்கு. சூட்டைத் தடுக்கிற அளவை இங்க "டாக்"னு சொல்வாங்க. டூவே (குளிருக்குப் போர்த்திக்கிற மெத்துப் போர்வை) உறையில 13.5 டாக்னு போட்டிருக்கே, அதே அளவைதான். தரைச்சூடு இருந்தா கார்ப்பெட்டும் அண்டர்லேயும் சேர்ந்து 2.5 டாக் தாண்டக்கூடாதுங்கிறதுதான் பொது வழக்கம். சாதாரண 10 மி.மீ. பி.யு. ஃபோம் மட்டுமே 2 டாக்கைத் தாண்டும், அப்புறம் கார்ப்பெட்டுக்கு இடம் ஏது? தரைச்சூட்டுக்குன்னே டாக் குறைஞ்ச அண்டர்லே வருது, தடிமன் குறைவு, அடர்த்தி அதிகம். ரெண்டு லேபிளையும் பார்த்துக் கூட்டிக்குங்க. ஹீட்டிங் போட்ட கம்பெனி வேற வரம்பு சொல்லியிருந்தா அதுதான் கடைசி.

ஹாரோ நண்பருக்கு இது தலைகீழ். உங்களுக்குக் கீழிருந்து குளிர் வருது, டாக் எவ்வளவு கூடுதோ அவ்வளவு நல்லது. அதுல ஃபோம், ரப்பரை விட மேல். கனமான ரப்பர் உழைக்கும், ஆனா குளிரைத் தடுக்கிறதுல பின்தங்கும்.

#9 வடமராட்சியான்

எண்கணக்குத் தம்பி சொல்லுறது சரிதான், ஆனால் குளிர் எங்கால வருகுது எண்டு பாக்க வேணும். அந்தக் காலத்துப் பலகைத் தரையில குளிர் பலகைக்குள்ளால வாறது கொஞ்சம், இடுக்குக்குள்ளால வாற காத்துத்தான் கூட. பலகைக்கும் பலகைக்கும் நடுவில, சுவரடியில ஓடுற ஸ்கேர்ட்டிங் பலகைக்குக் கீழ. அதை அடைக்காமல் 3 டாக் போட்டாலும் காத்து வரும்.

வெளிர் நிறக் காப்பெற் போட்ட வீடுகளில சுவரோரமா கறுப்புக் கோடு கண்டிருப்பியள். எல்லாரும் வாக்குவம் பிடிக்கேல்லை எண்டு வீட்டுக்காரியைக் குறை சொல்லுவினம். உது இடுக்குக்குள்ளால போய்வாற காத்து. காப்பெற் அதை வடிகட்டிப் புகைத்தூளைப் பிடிச்சு வைக்குது, கழுவினாலும் லேசில போகாது. எங்கட ஆக்களின்ர வீட்டில சாம்பிராணி, ஊதுபத்தி, சட்டியில தாளிக்கிறது, எல்லாம் சேர்ந்து கோடு இன்னும் கெதியா விழும். சாமியறை வாசலைப் பாருங்கோ, விளங்கும்.

ஆனபடியால் அண்டர்லேக்கு முதல் ஸ்கேர்ட்டிங் அடியை அக்கிறிலிக் சீலன்றால அடையுங்கோ. பலகை இடுக்குப் பெரிசு எண்டால் மெல்லிய ஹார்ட்போர்ட் அல்லது 6 மில்லிமீற்றர் பிளைவுட் அடிச்சால் தரையும் மட்டமாகும். வெளிச்சுவரில அடியில ஓட்டைச் செங்கல் இருக்கும், எயார் பிறிக். குளிருது எண்டு அதை மட்டும் அடைச்சுப் போடாதேங்கோ. பலகைக்குக் கீழ காத்தோடாமல் ஈரம் நிண்டால் பலகையைத் தாங்கிற தீராந்தி உக்கும்.

#10 ஹாரோ_புதுசு

அண்ணா, நம்ம வீட்லயும் அந்தக் கறுப்புக் கோடு இருக்கு! தண்ணி ஊறின கறைன்னு நினைச்சு டேம்ப் (ஈரக்கசிவு) பார்க்கிற ஆளைக் கூப்பிட இருந்தேன்.

பின்னறை மூலையைத் தூக்கிப் பார்த்தேன். பழைய ரப்பர் அண்டர்லே பொடிப்பொடியா உதிருது, கையெல்லாம் மஞ்சள் மாவு. அதுக்கு அடியில கறுப்பும் சிவப்பும் மாத்தி மாத்தி ஒட்டின சதுர டைல். ஒரு பக்கம் 9 இன்ச் சரியா வருது. ரெண்டு மூணு உடைஞ்சிருக்கு, கீழ தார் மாதிரி கறுப்புப் பசை. சனிக்கிழமை ஸ்கிரேப்பர் வாடகைக்கு எடுத்து எல்லாத்தையும் சுரண்டி எடுத்துட்டு, கான்கிரீட்ல கிரிப்பர் அடிச்சுடலாம்னு பார்க்கிறேன்.

#11 வடமராட்சியான்

சுரண்டாதேங்கோ!! கை வைக்காதேங்கோ. பிறகு வந்து எழுதுறன், வேலையில நிக்கிறன்.

#12 எண்கணக்கு

அவர் சொல்ல வர்றது ஆஸ்பெஸ்டாஸ், மூச்சோட உள்ளே போனா நுரையீரலைக் கெடுக்கிற கல்நார். 9 இன்ச் சதுரம், கறுப்புத் தார்ப் பசை, பழைய எக்ஸ்டென்ஷன். இந்த மூணும் சேர்ந்தா இருக்கிறதாவே எடுத்துக்கணும். டைல்லயும் இருக்கலாம், பசையிலயும் இருக்கலாம். பிரிட்டன்ல நீலமும் பழுப்பும் 1985ல தடை, வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் 1999ல தான் முழுசாத் தடை. அதுக்கு முன்னாடி போட்ட எந்தத் தரையிலயும் சந்தேகம் நியாயம்.

பயப்படவும் வேண்டாம். அந்த டைல்ல நார் உள்ளே இறுகிக் கிடக்கும், சும்மா கிடக்கிற வரை ஆபத்து குறைவு. சுரண்டினா, தேய்ச்சா, துளை போட்டா, உடைச்சாத்தான் தூள் கிளம்பும். வாடகை ஸ்கிரேப்பர் செய்யறது அதைத்தான்.

#13 ஹாரோ_புதுசு

ஐயோ. உடைஞ்ச துண்டை வெறுங்கையால தூக்கிப் பார்த்தேனே. ரூம்ல குழந்தை விளையாடுது. இப்ப என்ன செய்யறது?

#14 வடமராட்சியான்

தம்பி, பதறாதேங்கோ. ஒருக்காத் தொட்டதால வாற ஆபத்துச் சரியான குறைவு. அறைக்கதவைச் சாத்துங்கோ, பிள்ளையை விடாதேங்கோ. கூட்டவும் வேண்டாம், வாக்குவம் பிடிக்கவும் வேண்டாம். சாதாரண வாக்குவம் தூளைப் பின்பக்கத்தால ஊதி வீடு முழுக்கப் பரப்பும். ஒரு மாதிரித் துண்டை ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். யூகாஸ் (UKAS, ஆய்வுகூடங்களுக்கு அங்கீகாரம் குடுக்கிற அமைப்பு) அங்கீகாரம் உள்ள கூடமா எண்டு பாருங்கோ, எப்பிடி நனைச்சு எடுத்துப் பொதி பண்ணுறது எண்டு அவையே சொல்லுவினம்.

இருக்கு எண்டு வந்தாலும் டைல் நல்லா ஒட்டிக்கொண்டு கிடந்தால் எடுக்கத் தேவையில்லை. அப்பிடியே விட்டு மேல மூடலாம், அதுதான் வழமை. உடைஞ்ச இடத்துக்கு என்ன செய்யிறது எண்டதை மட்டும் ஆஸ்பெஸ்டஸ் தெரிஞ்ச ஆளிட்டக் கேளுங்கோ. காப்பெற் போட வாற பெடியனுக்கும் முதலே சொல்லிப் போடுங்கோ. அவன் தெரியாமல் ஆணி அடிச்சால் அவன்ர நெஞ்சுக்கும் கூடாது.

அந்த அறையில கிரிப்பருக்கு ஆணி இல்லை. பசை போட்டு ஒட்டலாம். காய ஒரு நாள் விட்டுத்தான் காப்பெற் இழுக்க வேணும், இல்லாட்டி கிரிப்பர் காப்பெற்றோட சேர்ந்து வரும்.

#15 நடத்துநர்

ஆஸ்பெஸ்டாஸ் பற்றித் தனியாகக் கேள்வி இருப்பவர்கள் "வீட்டுப் பாதுகாப்பு" பகுதியில் புது இழை தொடங்குங்கள். இங்கே அண்டர்லே தொடரட்டும்.

#16 மரத்தரை_பிரியன்

அண்டர்லே மேல போகப் போற கார்ப்பெட் என்னன்னு யாரும் கேக்கலையே? (ஆமா, எனக்கும் கொஞ்சம் தெரியும். எங்க மாமியார் வீடு முழுக்க கார்ப்பெட்தான்.)

#17 ஹாரோ_புதுசு

நல்ல கேள்வி. கீழே கம்பளி லூப் (இழையை வெட்டாம வளையமா விட்டது), மாடியில பாலிப்ரொப்பிலீன், வெட்டின இழை.

#18 வடமராட்சியான்

அப்ப கீழ ஃபோம் எண்டால் அடர்த்தி கூடினதாத்தான் இருக்க வேணும், என்னைக் கேட்டால் றப்பர் போடுங்கோ எண்டுதான் சொல்லுவன். லூப் பின்னல் இறுக்கமான பாய் மாதிரி. கீழ மெத்தெண்டால் வளைஞ்சு வளைஞ்சு வரிசை விலகும், பொருத்தில பிரியும். சில காப்பெற் கம்பனியின்ர உத்தரவாதத் தாளில எந்த அண்டர்லே எண்டே எழுதியிருக்கும், பழசுக்கு மேல போட்டால் உத்தரவாதம் செல்லாது எண்டும் இருக்கும். வாசியுங்கோ.

#19 எண்கணக்கு

இங்க அண்ணனோட ஒத்துப்போக மாட்டேன். பஞ்சு ரப்பர், அதாவது அடியில வாஃபிள் மாதிரிக் குழி குழியா இருக்கிறது, வருஷம் போகப் போகக் காய்ஞ்சு மாவாகும். ஹாரோ நண்பர் கையில ஒட்டின மஞ்சள் மாவே சாட்சி. நல்ல அடர்த்தி ஃபோம் அப்படி உதிராது. தூக்கவும் சுலபம், தானே போடறவருக்கு அது முக்கியம். அதுவும் சோபா, மெத்தை ஆலைகள்ல மிஞ்சின ஃபோமை நறுக்கி அழுத்திச் செஞ்சதுதான், கலர் கலராப் புள்ளி இருக்கிறதே அதனாலதான்.

#20 வடமராட்சியான்

நீர் சொல்லுறது பஞ்சு றப்பர். நான் சொல்லுறது கிறம்ப் றப்பர். ரயரை அரைச்சுச் செய்யிறது, கறுப்பு, தட்டையா இருக்கும். அது வேற சாதி. ரெண்டையும் ஒரே பேரில கடையில விக்கிறதாலதான் இந்தக் குழப்பம். உதிர்ந்தது முந்தினது. வெயில் படுற அறைக்கும் ஹீற்றருக்குப் பக்கத்திலயும் பஞ்சு றப்பர் போடாதேங்கோ எண்டதில உம்மோட நான் ஒத்துக்கொள்ளுறன்.

#21 எண்கணக்கு

அப்படின்னா சரி. கிரம்ப்புக்கு ஓட்டு போடறேன், ஆனா மாடிக்கு ஃபோம்தான்.

#22 ஹாரோ_புதுசு

ரெண்டு பேருக்கும் நன்றி. முன்னறை 4.1 மீட்டர், 3.6 மீட்டர். ஏறத்தாழ 14.8 சதுர மீட்டர். ரோல் 15 சதுர மீட்டர்னு போட்டிருக்கு. ஒரே ரோல் பத்துமா, ரெண்டு வாங்கணுமா? கடையில ரெண்டுங்கிறாங்க.

#23 எண்கணக்கு

சதுர மீட்டரை வெச்சு முடிவு பண்ணாதீங்க, துண்டு எப்படி விழுதுன்னு பாருங்க. அந்த ரோல் அகலம் 1.37 மீட்டர், நீளம் 11 மீட்டரா இருக்கும். அண்டர்லே சுவர் வரைக்கும் போகாது, கிரிப்பரோட உள் விளிம்புல நிக்கணும். ஒரு பக்கத்துக்கு மூணரை சென்டிமீட்டர் கழிச்சா தேவை 4.03க்கு 3.53.

நீளவாக்குல விரிச்சா 4.03ல மூணு துண்டு, 12 மீட்டர் தாண்டுது, ரோல் பத்தாது. குறுக்குவாட்டுல 3.53ல மூணு துண்டு, 10.6 மீட்டர். மூணு அகலம் சேர்ந்தா 4.11, உங்களுக்கு வேண்டியது 4.03. ஒரே ரோல்ல முடியும். கடைக்காரர் நீளவாக்குல கணக்குப் போட்டிருக்கார், அவ்வளவுதான். ஜன்னல் ஓரம் வெளியே துருத்தியிருந்தா மட்டும் அதைத் தனியாக் கணக்குப் பண்ணுங்க. நீங்க ரப்பர் எடுத்தா ரோல் அளவு வேறயா இருக்கலாம், பார்த்துட்டு இதே மாதிரி போட்டுக்குங்க.

#24 கீழ்வீட்டுக்காரி

எண்கணக்கு தம்பி, என் பையனுக்கு டியூஷன் எடுப்பீங்களா?

#25 ஹாரோ_புதுசு

:-) போடற முறையை யாராவது சொன்னா புண்ணியமாப் போகும். எந்தப் பக்கம் மேல, எப்படி ஒட்டறது, எதுவும் தெரியாது.

#26 வடமராட்சியான்

முதல் கிரிப்பர். ஊசி சுவரைப் பாத்துச் சாய்ஞ்சிருக்க வேணும். சுவருக்கும் கிரிப்பருக்கும் நடுவில காப்பெற் தடிப்பை விடச் சற்றுக் குறைஞ்ச இடைவெளி விடுங்கோ, காப்பெற் விளிம்பை அதுக்குள்ளதான் செருகிறது. ஹீற்றர் குழாய் இறங்கிற இடத்திலயும் வாசலடியிலயும் ஆணி அடிக்க முதல் பலகைக்குக் கீழ என்ன போகுது எண்டு பாருங்கோ. குழாயில ஓட்டை போட்டால் காப்பெற் செலவு சின்னதாப் போகும்.

பிறகு தரையைக் கூட்டி, எழும்பி நிக்கிற ஆணித்தலை எல்லாம் உள்ள அடியுங்கோ. கல்லுப்பொடி ஒண்டு கிடந்தாலும் மேல புடைச்சுக் காட்டும். ஃபோம் எண்டால் பளபளப்பான தாள் பக்கம் மேல. காப்பெற்றை இழுக்கேக்க அது வழுக்கிக் குடுக்க வேணும், அதுக்குத்தான் அந்தத் தாள். வாஃபிள் றப்பர் எண்டால் குழிப்பக்கம் கீழ. துண்டுகள் ஒண்டோட ஒண்டு முட்டி நிக்க வேணும். ஏறி நிண்டால் கோடு தெரியும், விலகி நிண்டால் பள்ளம் தெரியும். முட்டின இடத்தில அண்டர்லே ரேப் ஒட்டுங்கோ. பார்சல் ரேப் ஒட்டினால் கொஞ்ச நாளில சரசரக்கும். காப்பெற்றில பொருத்து வருமெண்டால் அண்டர்லே பொருத்து அதுக்கு நேர் கீழ வரக்கூடாது.

பலகை எண்டால் ஓரத்திலயும் பொருத்தடியிலயும் ஸ்ரேப்பிள் அடியுங்கோ. அந்தப் பின்னறையில ஸ்ரேப்பிளும் இல்லை, ஸ்பிறே பசைதான். கடைசியா கிரிப்பர் விளிம்போட ஒட்டி வெட்டுங்கோ. கிரிப்பருக்கு மேல ஏறினால் ஊசி காப்பெற்றைப் பிடிக்காது. புது பிளேட் நாலஞ்சு வைச்சிருங்கோ, மொட்டைப் பிளேட் ஃபோமைக் கிழிக்கும்.

படியை உங்கட கையால செய்யாதேங்கோ தம்பி, சொல்லிப் போட்டன். ஒரு படிக்கு ரெண்டு கிரிப்பர், ஒண்டு நிண்ட பலகையின்ர அடியில, ஒண்டு கிடந்த பலகையின்ர பின்னால. ஊசி ரெண்டும் மூலையைப் பாத்து நிக்க வேணும், நடுவில ஒரு 15 மில்லிமீற்றர் அளவில இடைவெளி. அண்டர்லே விளிம்பைச் சுத்திக் கீழ இறங்க வேணும். இழுவை தளர்ந்தால் விழுறது ஆக்கள்.

இன்னுமொண்டு. காப்பெற் போட வாறவரிட்ட முதலே கேளுங்கோ. மற்ற ஆள் போட்ட அண்டர்லேக்கு மேல விரிக்கச் சில பேர் சம்மதிக்கமாட்டினம். நானும் போய்ப் பாத்துத்தான் சம்மதிப்பன்.

#27 ரெண்டாம்மாடி

இந்த ஒரு பதிவைப் பின் பண்ணி வைங்க, நடத்துநரே.

#28 ஹாரோ_புதுசு

ஆய்வுக்கூட முடிவு வந்துடுச்சு. டைல்ல வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் இருக்கு, பசையிலயும் இருக்கு. உடைஞ்ச இடத்தை அந்த வேலை தெரிஞ்சவர் வந்து மூடிட்டார். இனி அதுக்கு மேல ஒட்டின கிரிப்பர், 8 மி.மீ. கிரம்ப் ரப்பர். முன்னறைக்கும் கிரம்ப். மாடிக்கு 10 மி.மீ. ஃபோம், அடர்த்தி பார்த்து வாங்கினது. 12 மி.மீ. கடைக்காரர் இன்னும் போன் பண்ணிக்கிட்டே இருக்கார். படிக்கட்டு, கார்ப்பெட் ரெண்டும் ஆள் வெச்சு, அண்டர்லேயைப் பார்த்துட்டுத்தான் சம்மதிச்சார்.

கடைசியா ஒண்ணு. மாடி ரூம் கதவு இப்பவே பழைய கார்ப்பெட்டை உரசிக்கிட்டுதான் திறக்குது. புதுசு இன்னும் உயரம். எவ்வளவு அறுக்கிறது?

#29 வடமராட்சியான்

அளக்காமல் அறுக்காதேங்கோ. அண்டர்லே துண்டு ஒண்டும் காப்பெற் துண்டு ஒண்டும் அடுக்கி, கதவு போற வழி முழுக்க நகர்த்திப் பாருங்கோ, தரை சில இடத்தில உயர்ந்திருக்கும். உயர்ந்த இடத்துக்கு மேல 5, 6 மில்லிமீற்றர் விட்டு அறுத்தால் போதும். காப்பெற் விரிக்கிற அண்டு கதவு கழட்டித்தான் இருக்க வேணும், அதால முதல் நாளே கழட்டி வைச்சு அறுங்கோ. ஆனால் கூரைக்குள்ள (லொஃப்ற்) அறை கட்டின வீடெண்டால், அல்லது ஃபிளாற் வாசல் எண்டால், அது தீக்கதவா எண்டு பாருங்கோ. கதவின்ர மேல் விளிம்பில அல்லது கீல் பக்கம் லேபிள், பிளாஸ்ரிக் செருகல் ஏதும் இருக்கும். அப்பிடியெண்டால் வாளை எடுக்காதேங்கோ, செய்தவையிட்டக் கேளுங்கோ.

#30 ஹாரோ_புதுசு

பார்த்தேன்ணா, சாதாரணக் கதவுதான். மேல லேபிள் ஒண்ணும் இல்ல, நாலு கோட்டு பெயின்ட் மட்டும்தான். நாளைக்குக் கழட்டறேன்.